மருத்துவக் கல்லூரியில் நல்லாசிரியருக்கு என்ன மதிப்பு? – ஒரு வரலாற்றுப் பார்வை

பள்ளியில் பாடம் நடத்த விரும்புபவர் முதலில் ஆசிரியர் பயிற்சி பெற வேண்டும். பி.எட். படிக்கும்போதே கற்பித்தல் பயிற்சிக்காக ஒரு பள்ளிக்கு அனுப்புவார்கள். வழிகாட்டி ஆசிரியர் வகுப்பின் கடைசி வரிசையில் அமர்ந்து, நாம் பாடம் நடத்தும் விதத்தைக் குறித்துக்கொண்டு, மணி அடித்ததும் குறை நிறைகளைச் சொல்வார். மருத்துவக் கல்லூரிகளில் நெடுங்காலம் இப்படி ஓர் ஏற்பாடு இருந்ததில்லை. நோயைக் குணமாக்கத் தெரிந்தவருக்கு அதைக் கற்பிக்கவும் தெரிந்திருக்கும் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் மருத்துவக் கல்லூரியில் பாடம் சரியாக நடக்காவிட்டால் அதன் விளைவு தேர்வு மதிப்பெண்ணோடு நின்றுவிடுவதில்லை. பல ஆண்டுகள் கழித்து எங்கோ ஓர் ஊரில் படுத்திருக்கும் நோயாளி அதை அனுபவிக்க நேரும். அதனால்தான் நல்ல மருத்துவ ஆசிரியரை எப்படிக் கண்டறிவது, அவரை எப்படி ஆதரிப்பது என்ற கேள்வி மருத்துவக் கல்வியின் வரலாறு முழுவதும் தொடர்ந்து வருகிறது. ஒரு காலத்தில் மாணவர்களின் எண்ணிக்கையைப் பார்த்தார்கள். பிறகு ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கையைப் பார்த்தார்கள். அதன்பின் மாணவர்கள் போடும் மதிப்பெண்ணைப் பார்த்தார்கள். எதை எண்ணினார்களோ அது பெருகியது. நல்ல கற்பித்தல் மட்டும் அந்தக் கணக்குகளில் முழுமையாகச் சிக்கவில்லை. இந்த அனுபவத்தை எடின்பரோ, பால்டிமோர், சான் பிரான்சிஸ்கோ ஆகிய மூன்று நகரங்களின் வழியே இக்கட்டுரை விளக்குகிறது.

எடின்பரோ: மாணவர் கொடுத்த கட்டணம்

18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் மருத்துவம் கற்க விரும்பியவர்கள் ஹாலந்தின் லெய்டன் நகரத்தை நாடினார்கள். அங்கே ஹெர்மன் போர்ஹாவ (1668–1738) என்ற பேராசிரியர் பன்னிரண்டு படுக்கைகள் மட்டுமே கொண்ட நோயாளர் கூடத்தில் மாணவர்களை அழைத்துச் சென்று பாடம் நடத்தினார். நோயாளியின் அருகில் நின்று கற்பது என்ற வழக்கம் அவரால் புகழ்பெற்றது. 1726-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவப் புலம் தொடங்கியபோது, அதில் அமர்ந்த பேராசிரியர்கள் அவரிடம் பயின்றவர்களே.

எடின்பரோவில் பேராசிரியர்களுக்குப் பெரிய சம்பளம் கிடையாது. மாணவர் ஒவ்வொரு பாடத்துக்கும் அந்தப் பேராசிரியரிடமே நேரில் பணம் கட்டி நுழைவுச் சீட்டு வாங்க வேண்டும். ஒரு பாடத்துக்கு மூன்று கினி என்பது வழக்கமான கட்டணம். ஒரு கினி 21 ஷில்லிங். வகுப்பில் நூறு பேர் இருந்தால் முந்நூறு கினி வருமானம். கூட்டம் குறைந்தால் வருமானமும் குறையும்.

இந்த முறைக்குத் தத்துவ ஆதரவு தந்தவர் பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித். 1776-இல் வெளியான தம் நூலில், ஆசிரியரின் வருமானம் மாணவர் கட்டணத்தைச் சார்ந்திருந்தால் அவர் உழைப்பார் என்றும், உழைத்தாலும் உழைக்காவிட்டாலும் ஒரே வருமானம் என்றால் சோம்பிவிடுவார் என்றும் வாதிட்டார். ஆக்ஸ்ஃபோர்டுப் பேராசிரியர்களையே இதற்கு எடுத்துக்காட்டாகச் சொன்னார்.

எடின்பரோவின் தொடக்க காலம் ஸ்மித்தின் கருத்துக்குச் சான்றாகவே இருந்தது. 1720-இல் உடற்கூற்றியல் பேராசிரியரான முதலாம் அலெக்சாண்டர் மன்றோவின் பெயரைக் கேட்டே மாணவர்கள் வெளியூர்களிலிருந்து வந்தார்கள். 1748-இல் ஜான் ரதர்ஃபோர்டு மருத்துவமனை நோயாளிகளை வைத்து விரிவுரை தரத் தொடங்கினார். ஸ்மித்தின் நண்பரான வில்லியம் கல்லன், லத்தீனை விட்டுவிட்டு மாணவர்களுக்குப் புரியும் ஆங்கிலத்தில் பாடம் நடத்தினார். ஏழை மாணவர்களிடம் கட்டணம் வாங்காமலும் இருந்தார்.

மன்றோவும் நாக்ஸும்

அதே முறையின் மறுபக்கம் அடுத்த தலைமுறைகளில் தெரியவந்தது. முதலாம் மன்றோவுக்குப் பின் அவர் மகன், அவருக்குப் பின் பேரன் என்று ஒரே பெயர் கொண்ட மூவர் 1720 முதல் 1846 வரை உடற்கூற்றியல் இருக்கையில் அமர்ந்தார்கள். இரண்டாமவரும் சிறந்த ஆசிரியர். மூன்றாமவர் தம் தாத்தாவின் குறிப்புகளையே வகுப்பில் வாசித்தார் என்று கதையாகச் சொல்வார்கள். அவர் வகுப்பில் உட்கார்ந்தவர்களில் ஒருவர் சார்லஸ் டார்வின். 1825-இல் பதினாறு வயதில் எடின்பரோவுக்கு வந்த அவர், மன்றோவின் பாடத்தில் சலிப்படைந்ததைத் தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். உடலை அறுத்துப் பார்க்கும் பயிற்சியை அங்கே ஒழுங்காகப் பெறாமல் போனது பிற்காலத்தில் தமக்குப் பெரிய குறையானது என்றும் வருந்தினார்.

கூட்டம் குறைந்தால் வருமானம் குறையும் என்ற விதி மூன்றாம் மன்றோவை ஏன் திருத்தவில்லை? பட்டம் பெறப் பல்கலைக்கழகப் பேராசிரியரின் சீட்டு கட்டாயம். எனவே மாணவர்கள் மன்றோவுக்குப் பணம் கட்டிவிட்டு, பாடம் கற்க வெளியில் இருந்த தனி ஆசிரியர்களிடம் போனார்கள். அங்கே இன்னொரு முறை கட்டணம் கொடுத்தார்கள். பணம் கொடுப்பவர் மாணவர்தான் என்றாலும், அவருக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருக்கவில்லை.

தனி ஆசிரியர்களில் மிகப் புகழ்பெற்றவர் ராபர்ட் நாக்ஸ். வகுப்பறை போதாமல் ஒரே பாடத்தை அவர் நாளொன்றுக்கு மூன்று முறை நடத்தினார். 1828-ஆம் ஆண்டில் அவரிடம் 504 பேர் படித்தார்கள். பேச்சாற்றல் மிக்கவர், பாடத்தைக் காட்சியாக விளக்குபவர். அறுத்துப் பயில மாணவர்களுக்கு உடல்கள் கிடைக்கும் என்பதே அவருடைய வகுப்பின் பெரும் கவர்ச்சி. ஆனால் சட்டப்படி கிடைத்த உடல்கள் மிகச் சில. மாணவர் பெருகப் பெருக உடல்களின் தேவையும் பெருகியது. அந்த ஆண்டில்தான் வில்லியம் பர்க், வில்லியம் ஹேர் என்ற இருவர் பதினாறு பேரைக் கொன்று, உடல்களை நாக்ஸின் பள்ளிக்கு விற்றார்கள். கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஏழைகள், வீடற்றவர்கள். 1829 ஜனவரி 28-இல் பர்க் தூக்கிலிடப்பட்டார். ஹேர் அரசுத் தரப்புச் சாட்சியாக மாறித் தப்பினார். பர்க்கின் உடலைப் பொது மேசையில் அறுத்துக் காட்டியவர் மூன்றாம் மன்றோ. நாக்ஸ் மீது வழக்கு தொடரப்படவில்லை. ஆனால் அவருடைய புகழ் மீளவில்லை. 1832-இல் பிரிட்டன் உடற்கூற்றியல் சட்டத்தை இயற்றி, உடல்கள் கிடைப்பதை ஒழுங்குபடுத்தியது.

ஆசிரியராக நாக்ஸின் திறமையை எவரும் மறுக்கவில்லை. வகுப்பின் கூட்டமே வெகுமதி என்றான இடத்தில், உடல் எங்கிருந்து வருகிறது என்று கேட்கும் கடமை மறந்துபோனது.

கட்டணமுறை கடல் கடந்தது

எடின்பரோவில் பட்டம் பெற்ற ஜான் மார்கன், 1765-இல் பிலடெல்பியாவில் மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். பிற்காலத்தில் அமெரிக்க ஐக்கிய நாடுகளான அந்தக் குடியேற்றங்களில் அதுவே முதலாவது. நுழைவுச் சீட்டு முறையும் கூடவே வந்தது. 19-ஆம் நூற்றாண்டில் சில மருத்துவர்கள் ஒன்றுசேர்ந்து ஒரு கட்டடம் பிடித்துப் பள்ளி நடத்துவதும், கட்டணத்தைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்வதும் சாதாரணமாயின. தேர்வில் ஒருவரைத் தோல்வியடையச் செய்தால் அவருடைய கட்டணம் அடுத்த பள்ளிக்குப் போய்விடும். பல பள்ளிகளில் ஆய்வகமும் இல்லை, மருத்துவமனையும் இல்லை.

இந்த நிலையை அம்பலப்படுத்தியவர் மருத்துவர் அல்லர். ஒரு பள்ளி ஆசிரியர். கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் ஆசிரியராக இருந்து, பிறகு சொந்தமாகப் பள்ளி நடத்திய ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னரை கார்னகி அறக்கட்டளை இந்தப் பணிக்கு அமர்த்தியது. அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவப் பள்ளிகளை ஆராய்ந்து, 1910-இல் அவர் அறிக்கை வெளியிட்டார். ஆய்வகம் என்று எழுதப்பட்ட அறையில் என்ன இருக்கிறது, மாணவர் உண்மையில் நோயாளியைத் தொடுகிறாரா என்பவற்றை நேரில் பார்த்து எழுதினார். அறிக்கைக்குப் பின் தரமற்ற பள்ளிகள் பல மூடப்பட்டன.

பால்டிமோர்: முழுநேரப் பேராசிரியர்

ஃப்ளெக்ஸ்னர் முன்மாதிரியாகக் காட்டியது பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளியை. 1893-இல் தொடங்கிய அப்பள்ளியில் வில்லியம் ஆஸ்லர் மாணவர்களை விரிவுரைக் கூடத்திலிருந்து நோயாளர் கூடத்துக்கு அழைத்து வந்தார். இறுதியாண்டு மாணவருக்குச் சில படுக்கைகள் பொறுப்பாகக் கொடுக்கப்படும். நோயாளியின் வரலாற்றை எழுதுவது, பரிசோதிப்பது, நாள்தோறும் மாற்றத்தைக் கவனிப்பது எல்லாம் அந்த மாணவரின் வேலை. உலகப் புகழ்பெற்ற மருத்துவ நூலை எழுதியவர் ஆஸ்லர். ஆனாலும் மாணவர்களுக்கு நோயாளர் கூடத்தில் கற்பித்தவர் என்ற பெயரே தம் கல்லறையில் நிலைக்க வேண்டும் என்று விரும்பினார்.

ஆஸ்லர் 1905-இல் ஆக்ஸ்ஃபோர்டுக்குச் சென்றபின், ஹாப்கின்ஸில் புதிய திட்டம் ஒன்று எழுந்தது. மருத்துவப் பேராசிரியர்கள் தனியார் சிகிச்சையில் சம்பாதிப்பதை விட்டு, முழுநேரச் சம்பளம் பெற்றுக் கற்பித்தலிலும் ஆய்விலும் ஈடுபட வேண்டும் என்பது அதன் கருத்து. 1911-இல் ஆஸ்லர் ஹாப்கின்ஸ் தலைவருக்குக் கடிதம் எழுதி இதை எதிர்த்தார். ஆய்வகத்துக்குள்ளேயே வாழும் பேராசிரியர்கள் நோயாளிகளிடமிருந்து விலகிப்போவார்கள், அது மாணவர்களைப் பாதிக்கும் என்பது அவர் அச்சம். எதிர்ப்பு எடுபடவில்லை. 1913-இல் ராக்ஃபெல்லர் நிதியிலிருந்து 15 லட்சம் டாலர் கிடைத்தது. முழுநேரத் திட்டம் நடைமுறைக்கு வந்தது.

திட்டத்தின் நோக்கம் நல்லதே. பணக்கார நோயாளிகளின் வீட்டு வாசலில் பேராசிரியர் காத்திருக்க வேண்டிய அவசியம் அதனால் நீங்கியது. கட்டணத்துக்காகக் கூட்டம் சேர்க்க வேண்டியதும் இல்லை. ஆனால் மாதச் சம்பளம் வாங்கும் இருவரில் யாருக்குப் பதவி உயர்வு தருவது என்ற கேள்வி புதிதாக எழுந்தது. ஆய்வு செய்பவரிடம் அச்சான கட்டுரைகள் இருந்தன. கற்பிப்பவரிடம் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. அவருடைய பணி மாணவர்களோடு வெளியேறிவிட்டது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் தராசு இன்னும் சாய்ந்தது. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் ஆண்டுச் செலவு 1947-இல் 80 லட்சம் டாலர். 1966-இல் நூறு கோடி டாலரைத் தாண்டியது. ஆய்வு நிதி பெற்றுத் தருபவர் கல்லூரிக்குச் செல்வம் ஆனார். இந்த ஆய்வுகளால் மனித குலம் பெற்ற நன்மை மிகப் பெரியது. அதே நேரத்தில், மாணவரோடு ஒரு மணி நேரம் கூடுதலாகச் செலவிடும் ஆசிரியர் தம் பதவி உயர்விலிருந்து ஒரு மணி நேரத்தை இழந்தார். நூற்றாண்டின் இறுதியில் மருத்துவமனைகள் மருத்துவரின் நேரத்தைச் சிகிச்சை வருமானத்தால் அளக்கத் தொடங்கியபோது, கற்பிக்கும் நேரத்துக்கு அந்தப் பக்கத்திலும் இடம் சுருங்கியது.

கற்பிப்பதைக் கற்பித்தல்

மாற்றம் இரண்டு வழிகளில் வந்தது. முதலாவது பயிற்சி. ஜார்ஜ் மில்லர் என்ற மருத்துவர் 1950-களில் பஃபலோ பல்கலைக்கழகத்தில் மருத்துவ ஆசிரியர்களையும் கல்வியியல் அறிஞர்களையும் ஒரே மேசையில் அமரவைத்தார். பின்னர் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மருத்துவக் கல்விக்கென்றே ஒரு துறையை உருவாக்கினார். உலக சுகாதார நிறுவனம் இம்முயற்சியைப் பிற நாடுகளுக்குக் கொண்டுசென்றது. 1970-களில் தெற்கு ஆசியாவுக்கு இலங்கையின் பேராதனையில் ஒரு வட்டாரப் பயிற்சி மையமும், இந்தியாவுக்குப் புதுச்சேரி ஜிப்மரில் தேசிய ஆசிரியர் பயிற்சி மையமும் அமைந்தன. அறுவை மருத்துவரும் குழந்தை மருத்துவரும் அங்கே வந்து, கற்றல் நோக்கம் எழுதவும் வினாத்தாள் அமைக்கவும் கற்றார்கள். பி.எட். வகுப்பில் நாங்கள் செய்த அதே வேலைதான்.

இரண்டாவது வழி விருது. இந்திய மருத்துவ மன்றம் 1962-இல் ஏற்படுத்திய டாக்டர் பி.சி.ராய் விருதில் சிறந்த மருத்துவ ஆசிரியருக்கு ஒரு பிரிவு இருந்தது. அமெரிக்காவில் 1988 முதல் ராபர்ட் கிளேசர் பெயரில் சிறந்த மருத்துவ ஆசிரியர்களுக்குத் தேசிய விருது வழங்குகிறார்கள். நம் பள்ளிகளின் நல்லாசிரியர் விருது போல இவையும் மதிப்புக்குரியவை. ஆனால் விருது ஒரு நாள் மேடை. மறுநாள் காலையில் அந்த ஆசிரியரின் பணிச்சுமை குறைந்திருக்காது.

விருதுக்குரியவரை யார் தேர்வு செய்வது என்பதும் எளிதல்ல. மாணவரின் கருத்தை மட்டும் கேட்டால் என்ன ஆகும் என்பதை 1973-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தென் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஒரு நடிகரை ‘டாக்டர் ஃபாக்ஸ்’ என்று அறிமுகப்படுத்தினார்கள். மருத்துவர் கல்வியில் கணித விளையாட்டுக் கோட்பாடு என்ற தலைப்பில் முன்னுக்குப்பின் முரணாக, ஆனால் நகைச்சுவையும் உற்சாகமுமாகப் பேசும்படி பயிற்சி கொடுத்தார்கள். நேரிலும் காணொளியிலும் கேட்ட 55 பேரும் மனநல மருத்துவர், உளவியலாளர், கல்வியாளர் போன்ற படித்தவர்களே. பெரும்பாலோர் உரையைப் பாராட்டி மதிப்பிட்டார்கள். ஒருவரும் ஏமாற்றைக் கண்டுபிடிக்கவில்லை. மாணவர் கருத்து தேவைதான். வகுப்பில் ஆர்வம் எழுந்ததா என்பதை அவர்தாம் சொல்ல முடியும். சொன்ன பொருள் சரியா என்பதைச் சொல்ல அதே துறையில் தேர்ந்தவர் வேண்டும்.

சான் பிரான்சிஸ்கோ: ஆசிரியர்களின் கழகம்

1990-இல் எர்னஸ்ட் போயர் ஒரு சிறு நூல் வெளியிட்டார். ஃப்ளெக்ஸ்னரை அனுப்பிய அதே கார்னகி அறக்கட்டளைக்காக எழுதப்பட்டது அது. புதியதைக் கண்டுபிடிப்பது மட்டுமே புலமை ஆகாது; அறிவை ஒருங்கிணைப்பது, பயன்படுத்துவது, கற்பிப்பது ஆகியவையும் புலமையே என்று அவர் வாதிட்டார். அப்படியானால் ஆய்வுக் கட்டுரையைச் சக அறிஞர்கள் படித்து மதிப்பிடுவது போல, கற்பித்தலையும் சக ஆசிரியர்கள் பார்த்து மதிப்பிட வேண்டும்.

சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி ஆய்வுக்குப் பேர்போனது. அதன் முதல்வர் ஹெய்ல் டெபாஸ் எரித்ரியாவில் பிறந்த அறுவை மருத்துவர். அவர் காலத்தில், 2000-ஆம் ஆண்டில், அப்பள்ளி மருத்துவ ஆசிரியர்களுக்கென ஒரு கழகத்தை நிறுவியது. உறுப்பினராக விரும்பும் ஆசிரியர் தம் கற்பித்தல் பணியைச் சான்றுகளுடன் தொகுத்துத் தர வேண்டும். வெளியிலிருந்து வரும் மதிப்பீட்டாளர்களும் அதைப் படிப்பார்கள். இப்படி வடிகட்டப்பட்ட உறுப்பினர் பதவி, பதவி உயர்வுக் குழுவின் முன்னால் வைக்கக்கூடிய சான்றாகிறது.

கழகம் பட்டத்தோடு நிற்கவில்லை. ஆய்வாளர்களுக்கு உள்ளது போலவே கற்பித்தலுக்கும் நிரந்தர நிதி கொண்ட இருக்கைகளை ஏற்படுத்தியது. அதில் வரும் பணம் ஆசிரியரின் நேரத்தை விடுவிக்கிறது. புதிய பாடமுறைகளைச் செய்துபார்க்கச் சிறு நிதிகள் தந்தது. ஓர் ஆசிரியரின் வகுப்பில் இன்னோர் ஆசிரியர் அமர்ந்து கவனித்து, முடிந்ததும் உரையாடும் வழக்கத்தையும் கொண்டுவந்தது. 2001-இல் ஹார்வர்டு மருத்துவப் பள்ளி தனக்கென ஒரு கழகம் அமைத்தது. தொடர்ந்து அமெரிக்காவின் வேறு பல மருத்துவப் பள்ளிகளும் அவ்வழியில் சென்றன.

இக்கழகங்களுக்கும் குறைகள் உண்டு. உறுப்பினராவோர் சிலரே. இரவுப் பணியில் மாணவருக்கு ஊசி போடவும் தையல் போடவும் சொல்லித் தருபவர் பெரும்பாலும் பயிற்சியிலுள்ள இளம் மருத்துவர். அவர் இந்தக் கௌரவத்தின் எல்லைக்கு வெளியே நிற்கிறார். பணக்காரக் கல்லூரிகளுக்கே இருக்கை நிதி கட்டுப்படியாகும் என்பதும் உண்மை.

நம் கல்லூரிகளில்

இந்தியாவில் மருத்துவ ஆசிரியரின் பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரைகள் நிபந்தனையாக உள்ளன. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2022 விதிகள் மருத்துவக் கல்வி முறைகளில் அடிப்படைப் பயிற்சியையும் சேர்த்தன. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஜிப்மரில் விருப்பமுள்ளவர்கள் கற்றது இன்று எல்லோருக்கும் பொதுவாகியிருக்கிறது. இது நல்ல முன்னேற்றம். எனினும் பயிற்சிச் சான்றிதழ், ஆசிரியர் பயிற்சிக்குச் சென்றார் என்பதைத்தான் சொல்லும். திரும்பி வந்து எப்படிக் கற்பிக்கிறார் என்பதைச் சொல்லாது.

அதை அறிய எடின்பரோவின் சீட்டும் உதவவில்லை, பால்டிமோரின் கட்டுரைப் பட்டியலும் உதவவில்லை. சான் பிரான்சிஸ்கோவிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடியவற்றில் பணம் தேவைப்படாத ஒன்று இருக்கிறது. ஒரு மூத்த பேராசிரியர் மாதம் ஒருமுறை இளைய ஆசிரியரின் வகுப்பிலோ நோயாளர் கூடச் சுற்றிலோ பின்னால் நிற்கலாம். தம் வகுப்புக்கு அந்த இளையவரை அழைக்கலாம். பாடம் முடிந்தபின் இருவரும் பத்து நிமிடம் பேசலாம். அப்படிப் பார்த்ததை எழுதி வைத்து, பதவி உயர்வின்போது கட்டுரைப் பட்டியலோடு சேர்த்துப் படித்தால், நல்லாசிரியரின் உழைப்பும் ஏட்டில் ஏறும்.